அப்புக்காத்து

பீல் நகரில் தெருவுக்கு இரண்டு பெயர்,
ஒன்று ஜெர்மன், ஒன்று பிரெஞ்சு.
ஸ்டேஷனுக்குப் பின்னால், கைக்கடிகாரப் பட்டி விற்ற கடைக்கு மேலே
யூர்க் அம்ஸ்டுட்ஸின் கந்தோர்.
நாங்கள் அதற்கு மூன்றாவதாக ஒரு பெயர் வைத்திருந்தோம்:
அப்புக்காத்து வீடு.

தொண்ணூற்றொன்று. மாசி மாதம்.
லிஃப்ட் இல்லை. ஹீட்டர் இருமும்.
ஆளுக்கு வயது முப்பத்திரண்டு,
முழங்கை மினுங்கிப்போன ஒரே ஒரு கறுப்புக் கோட்.
பீஸுக்குப் பதிலாக எங்கள் சனம்
முருங்கைக்காய் கொண்டுவந்து வைத்தால்
மறுக்கமாட்டார்.
சக்கையைத் துப்பவேண்டும் என்று நான் சொல்வதற்குள்
விழுங்கியிருப்பார்.

என் வேலை மொழிபெயர்ப்பு.
அவர் வாய் திறந்தால் நான் தமிழ்,
எதிரில் இருப்பவர் வாய் திறந்தால் நான் ஜெர்மன்.
என் பெயர் சிவகௌரி. அவருக்கு அது
மூன்று வருடமாக "சீவா".

புங்குடுதீவுத் தவயோகராசாவின் விசாரணை.
முதுகுத் தழும்பு அடுப்படியில் பட்டதாகவும் இருக்கலாம்
என்றார் அதிகாரி, பேனையை மூடியபடி.
அம்ஸ்டுட்ஸ் எழும்பினார்:
"முதுகைக் காட்டிக்கொண்டு சமைக்கிற ஆளை
ஐயா எங்கே கண்டீர்கள்?"
நான் தமிழில் சொன்னேன்.
தவயோகராசா சிரிப்பை அடக்கினார்,
அடக்கமுடியாமல் அழுதார்.
வென்றோம்.
தீர்ப்பில் அவர்கள் இருவர் பெயரும் இருந்தன.

கட்சிக்காரர் என்றால் அப்போதெல்லாம்
வழக்குக் கொண்டுவந்தவர்.
பிறகு அதே சொல்லுக்குள் வேறு ஆட்கள் வந்து குந்தினார்கள்.
முதலில் நகரசபை.
பிறகு பச்சைக் கூரை போட்ட பேர்ன் பாராளுமன்றம்.
ரவுண்டானாவில் போஸ்டர்: அவர், அவருக்குப் பின்னால் ஏரி,
ஏரிக்குப் பின்னால், காரணமில்லாமல், ஒரு பசுமாடு.
சனிச் சந்தையில் அப்பிள் கொடுத்துக்கொண்டு நின்றவர்
தூரத்திலேயே கூப்பிட்டார்: "சிவகௌரி!"
ஒரு எழுத்தும் பிசகவில்லை.
அந்த வருடம்தான் எனக்குச் சிவப்புப் பாஸ்போட் வந்தது.
இந்த நாட்டு வாக்குச்சீட்டில்
விரும்பிய ஆளை இரண்டு தரம் எழுதலாம்.
எழுதினேன்.

தஞ்சச் சட்டத்தை இறுக்கிய நாளில்
அவர் பெயருக்கு நேரே பச்சை விளக்கு.
டிவியில் பார்த்தேன், சோற்றுக் கோப்பையோடு.
டெலிபோன் எடுத்தேன்.
"ஒரு பக்கம் பார்த்தால்..." என்றார்.
"மறு பக்கம் பார்த்தால்..." என்றார்.
என் தொழிலில் இந்த இரண்டு வசனமும்
ஆயிரம் தரம் வந்திருக்கும்.
இரண்டுக்கும் நடுவில் எப்போதும்
ஒரு ஆள் கதிரையில் இருப்பார்.

மூன்று தவணை முடிந்து
ட்சூக்கில் கம்பெனி தொடங்கினார்.
அகதி முகாம்களுக்கு இரட்டைத் தட்டுக் கட்டில்,
சூப், காவலாளி,
அண்மையில் டெலிபோன் மொழிபெயர்ப்பும்.
ஆகவே இப்போதும் அவரிடம்தான் வேலை செய்கிறேன்.
நிமிடக் கணக்கு.
யாராவது அழுதால், பேச்சு நின்றால்,
கணக்கும் நின்றுவிடும்.
மென்பொருள் அப்படி.

தவயோகராசாவுக்கு இப்போது மளிகைக் கடை.
பிள்ளையாருக்குப் பக்கத்தில்
அந்த மினுங்கல் கோட்டோடு அம்ஸ்டுட்ஸ், சட்டம் போட்ட படம்.
"கழற்றினால் என்ன?" என்று கேட்டேன்.
தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"எனக்காகக் கதைத்த மனுசன், பிள்ளை.
பிறகு கதைத்தது எனக்கு விளங்காத பாஷை."
நான் பேசாமல் முருங்கைக்காய் வாங்கினேன்.
கிலோ பத்தொன்பது பிராங்.

போன செவ்வாய் லைனில் ஒரு பெடியன்.
இவர்கள் அப்புக்காத்து என்று சொல்வதில்லை,
லோயர் என்கிறார்கள்.
"எனக்கு லோயர் ஒருவரும் இல்லையா, அக்கா?"
அக்கா என்ற சொல்லை விட்டுவிட்டு
மீதியை ஜெர்மனில் சொன்னேன்.
மறு முனையில் கடதாசி புரளும் சத்தம்.
திரையில் கடிகாரம் நின்றிருந்தது.